மரபியல் கணக்கு: பன்னட் கட்டத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பண்பு எப்படிப் போகிறது என்று ஒரு கேள்வி கொடுத்தால், புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது நான்கு அறைகள் கொண்ட ஒரு சதுரத்தை, அதாவது பன்னட் கட்டத்தை, வரைவதுதான். தடுமாற்றமும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கட்டம் கடைசியில் வரும் வேலை. எந்தப் பண்பு, பெற்றோரிடம் என்ன இருக்கிறது, இனச்செல்லில் (விந்து, அண்டம்) எது ஏறுகிறது என்ற மூன்றும் முதலில் முடிவாக வேண்டும். இவை தவறாக இருந்தால் கட்டம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் விடை தப்பாகத்தான் வரும்.

கீழே உள்ள படிகளில் 2 முதல் 6 வரை ஒவ்வொரு கணக்குக்கும் வேண்டும், அதே வரிசையில். மற்றவை கேள்வியைப் பொறுத்தவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். மனிதரில் 23 ஜோடி, பட்டாணிச் செடியில் 7 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து வந்தது. மரபணு என்பது குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் பகுதி. ஆகவே ஒரு மரபணுவுக்கு உடலில் இரண்டு பிரதிகள் உண்டு. அந்தப் பிரதிகள் ஒன்றுபோல இருக்கலாம், சற்று மாறியும் இருக்கலாம். மாறுபட்ட வடிவங்களை அல்லீல்கள் என்கிறோம்.

இனச்செல் உருவாகும்போது குன்றல் பகுப்பில் ஜோடி பிரிகிறது. விந்துவுக்கோ அண்டத்துக்கோ ஒரே ஒரு பிரதிதான் கிடைக்கும். கருவுறும்போது மறுபடி இரண்டாகிறது.

கணிதத்தில் இரண்டு விதிகள் போதும். இதுவும் அதுவும் சேர்ந்து நடக்க வேண்டும் என்றால் பெருக்குங்கள். இதுவோ அதுவோ நடந்தால் போதும் என்றால் கூட்டுங்கள்.

2. எழுத்தைத் தேர்ந்தெடுங்கள், ஓங்கு எது என்று முடிவு செய்யுங்கள்

பாடநூல்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பயன்படுத்துகின்றன. இங்கே நெடிலையும் குறிலையும் எடுத்துக்கொள்வோம்: நெடில் ஓங்கு அல்லீல் (இரண்டும் சேர்ந்தால் வெளியே தெரிவது), குறில் ஒடுங்கு அல்லீல் (அப்போது தெரியாமல் போவது). பட்டாணி விதையின் வடிவத்துக்கு, உருண்டை ஆ, சுருக்கம் அ. விதையின் நிறத்துக்கு, மஞ்சள் ஈ, பச்சை இ.

உருண்டைக்கு ஓர் எழுத்து, சுருக்கத்துக்குத் தொடர்பே இல்லாத வேறோர் எழுத்து என்று வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. ஒரு பண்பு இருக்கும்வரை அது தெரியாது. இரண்டாவது பண்பு வந்ததும் எந்த எழுத்து எதற்கு ஜோடி என்று குழம்பிவிடும்.

ஓங்கு எது என்பதை ஊகிக்காதீர்கள், கேள்விக்குள் தேடுங்கள். தடயம் இரண்டு விதமாக இருக்கும். மாறுபட்ட இரண்டு தூய (இரண்டு பிரதிகளும் ஒன்றேயான) பெற்றோருக்குப் பிறந்தவை எல்லாம் ஒருவரைப் போலவே இருந்தால், அந்த ஒருவரின் பண்பு ஓங்கு. ஒரே மாதிரித் தோற்றம் கொண்ட இரு பெற்றோருக்கு வேறு தோற்றத்தில் ஒரு பிள்ளை பிறந்தால், பிள்ளையின் பண்பு ஒடுங்கு.

"அதிகம் பேரிடம் இருப்பது ஓங்கு" என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். ஹண்டிங்டன் நோய் ஓங்கு அல்லீலால் வருவது, ஆனால் அரிது. ஓ இரத்த வகை ஒடுங்கு, ஆனால் உலகெங்கும் ஏராளமானோரிடம் இருக்கிறது. ஓர் அல்லீல் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. இரண்டு அல்லீல்கள் ஓர் உடலில் சேர்ந்தால் எது வெளியே தெரியும் என்பது முற்றிலும் வேறு கேள்வி.

ஓங்கு அல்லீல் மற்றதை அடக்கி வைக்கிறது என்று நினைப்பதும் தவறு. பட்டாணியையே பாருங்கள். ஆ அல்லீல், மாவுச்சத்தைக் கிளைகளாகக் கட்டும் ஒரு நொதியைத் தருகிறது. அ அல்லீல் அந்த நொதியைத் தருவதில்லை. இரண்டில் ஒரு பிரதி வேலை செய்தாலே தேவையான நொதி கிடைத்துவிடுகிறது, விதை உருண்டையாகிறது. இரண்டு பிரதிகளும் அ என்றால் சர்க்கரை மாவுச்சத்தாக மாறாமல் தேங்கி, விதை கூடுதல் நீரை இழுத்துக்கொண்டு உப்புகிறது. காயும்போது தோல் சுருங்கிவிடுகிறது. யாரும் யாரையும் அடக்கவில்லை. ஒரு பிரதி போதுமா போதாதா என்பதுதான் விஷயம்.

3. பெற்றோரின் மரபணு ஆக்கத்தை எழுதுங்கள், தெரியாததைக் காலியாக விடுங்கள்

ஒடுங்கு தோற்றம் இருந்தால் சந்தேகமே இல்லை, அஅ. ஓங்கு தோற்றம் இருந்தால் ஒரு பிரதி மட்டுமே உறுதி. எனவே "ஆ_" என்று எழுதி, இரண்டாவது இடத்தைக் காலியாக விடுங்கள். அந்தக் கோட்டைப் போட மனமில்லாமல் அவசரமாக ஆஆ என்று நிரப்புவதுதான் இந்தப் படியில் நடக்கும் பிழை.

காலி இடத்தை இரண்டு பக்கமிருந்தும் நிரப்பலாம். கீழே பாருங்கள்: பிள்ளைகளில் ஒன்று அஅ என்றால், இரு பெற்றோரும் ஆளுக்கு ஓர் அ கொடுத்திருக்கிறார்கள். மேலே பாருங்கள்: இவருடைய பெற்றோரில் ஒருவர் அஅ என்றால், இவரிடம் ஓர் அ கட்டாயம் உண்டு. கேள்வியில் "தூய" என்ற சொல் இருந்தால் மட்டும் நேராக ஆஆ என்று எழுதலாம்.

எதுவும் கிடைக்கவில்லையா? அப்படியானால் ஆஆ ஒரு வாய்ப்பு, ஆஅ ஒரு வாய்ப்பு என்று கணக்கை இரண்டு தடவை போட வேண்டியதுதான். அலுப்பான வேலை, ஆனால் வேறு வழியில்லை.

4. இனச்செல்களைத் தனி வரியில் எழுதுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிப் போவதால் வரும் பிழைகள், மற்ற எல்லாப் படிகளிலும் வரும் பிழைகளைவிட அதிகம் என்பது என் அனுபவம். ஆகவே இங்கே நிதானம் வேண்டும்.

இனச்செல்லில் ஒரு மரபணுவுக்கு ஓர் எழுத்துதான் இருக்கும். ஆஅ உள்ள செடியின் இனச்செல்கள் ஆ, அ என்று இரண்டு வகை, பாதிக்குப் பாதி. "ஆஅ" என்று ஓர் இனச்செல்லை எழுதினால் ஜோடி பிரியவே இல்லை என்று ஆகிவிடும். பிள்ளைக்கு மூன்று நான்கு பிரதிகள் சேர்ந்துவிடும். ஆஆ உள்ள செடிக்கு ஒரே வகை இனச்செல்தான், ஆ. அதை இரண்டு தடவை எழுதினாலும் விடை மாறாது, வேலைதான் கூடும்.

இரண்டு பண்புகள் வந்தால் விதி கொஞ்சம் விரிகிறது: ஒவ்வொரு இனச்செல்லிலும் ஒவ்வொரு மரபணுவிலிருந்தும் ஓர் எழுத்து இருக்க வேண்டும். ஆஅ ஈஇ உள்ள செடியின் இனச்செல்கள் ஆஈ, ஆஇ, அஈ, அஇ என்று நான்கு. முதல் மரபணுவின் ஒவ்வோர் எழுத்துடனும் இரண்டாவதின் ஒவ்வோர் எழுத்தையும் சேர்த்தால் ஒன்றும் விடுபடாது. ஆஈ, அஇ என்று இரண்டை மட்டும் எழுதி நிறுத்துபவர்கள் நிறைய. நெடில் நெடிலோடும் குறில் குறிலோடும்தான் போகும் என்று ஒரு விதி இல்லை. இரண்டு மரபணுக்களும் வேறு வேறு குரோமோசோம்களில் இருந்தால், ஒரு ஜோடி பிரியும் விதம் மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது.

சரிபார்க்க எளிய வழி உண்டு. மாறுபட்ட ஜோடிகள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் 2 வகை இனச்செல், இரண்டு என்றால் 4, மூன்று என்றால் 8. ஆஅ ஈஈ என்பதில் மாறுபட்ட ஜோடி ஒன்றே, எனவே ஆஈ, அஈ என இரண்டு வகைதான். எண் பொருந்தாவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

5. இப்போது கட்டம்

ஒரு பெற்றோரின் இனச்செல்களை மேலே, மற்றவருடையதை இடப்பக்கம் எழுதி, சந்திக்கும் இடத்தில் சேர்த்து நிரப்புங்கள். ஆஅ × ஆஅ என்றால் ஆஆ ஒன்று, ஆஅ இரண்டு, அஅ ஒன்று. அறைக்குள் நெடிலை முதலில் எழுதும் பழக்கம் வையுங்கள். அஆ, ஆஅ இரண்டும் ஒன்றுதான் என்றாலும், மாற்றி மாற்றி எழுதினால் எண்ணும்போது கண் தவறும்.

6. விகிதத்தை வாசிப்பதில் கவனம்

கட்டத்திலிருந்து இரண்டு விகிதங்கள் கிடைக்கும். மரபணு ஆக்கம் 1:2:1. புறத்தோற்றம் 3:1. கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

அறைகள் என்பவை பிள்ளைகள் அல்ல, வாய்ப்புகள். நான்கு பிள்ளைகள் பிறந்தால் சரியாக ஒன்றுக்கு ஒடுங்கு பண்பு வரும் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக 1/4 வாய்ப்பு. நான்கு பேரில் ஒருவருக்குமே வராமல் இருக்க 3/4 × 3/4 × 3/4 × 3/4, அதாவது 81/256, கிட்டத்தட்ட 32 சதவீத வாய்ப்பு இருக்கிறது. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி அடுத்த மூவருக்கு வராது என்ற நினைப்பும் இதே பிழையின் இன்னொரு முகம்.

எண்ணிக்கை பெருகப் பெருக விகிதம் நெருங்கி வரும். பட்டாணியில் ஆய்வு செய்து மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் எண்ணியதில் 5474 விதைகள் உருண்டை, 1850 சுருக்கம், விகிதம் 2.96:1. உயரத்துக்கு அவர் பார்த்த செடிகள் குறைவு: 787 நெட்டை, 277 குட்டை, 2.84:1. சரியாக 3 என்று வர வேண்டியதில்லை.

இன்னொரு பொறி, தேர்வுகளுக்குப் பிடித்தமானது. பெற்றோர் இருவரும் ஆஅ, ஒரு பிள்ளைக்கு ஒடுங்கு நோய். நோயில்லாத இன்னொரு பிள்ளை அந்த அல்லீலைச் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு என்ன? 1/2 என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவருக்கு நோயில்லை என்பது ஏற்கனவே தெரியும், ஆகவே அஅ அறையை அடித்துவிட வேண்டும். மீதி மூன்றில் இரண்டு ஆஅ. விடை 2/3. அவர் ஆஅ உள்ள ஒருவரை மணந்தால், பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 2/3 × 1/4 = 1/6.

7. இரண்டு, மூன்று பண்புகள்: கட்டத்தை விட்டுப் பெருக்கலுக்கு வாருங்கள்

ஆஅ ஈஇ × ஆஅ ஈஇ என்பதற்கு 16 அறைகள் தேவை. ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், 9:3:3:1 எங்கிருந்து வருகிறது என்று புரியும். அதற்கப்புறம் அதை வரைவது நேர விரயம்.

ஒவ்வொரு பண்பையும் தனியாகப் போட்டுப் பெருக்குங்கள். உருண்டை 3/4, மஞ்சள் 3/4, ஆகவே உருண்டை மஞ்சள் 9/16. உருண்டை பச்சை 3/4 × 1/4 = 3/16. சுருக்கம் மஞ்சள் 3/16. சுருக்கம் பச்சை 1/16. இதே கலப்பில் மெண்டலுக்குக் கிடைத்தவை வரிசையாக 315, 108, 101, 32, மொத்தம் 556. எதிர்பார்க்க வேண்டியவை சுமார் 313, 104, 104, 35.

மூன்று பண்புகளில் இந்த முறையின் பலன் நன்றாகத் தெரியும். ஆஅ ஈஇ ஊஉ × ஆஅ இஇ ஊஉ என்ற கலப்பில் மூன்றும் ஒடுங்காக இருக்கும் பிள்ளையின் வாய்ப்பு: 1/4 × 1/2 × 1/4 = 1/32. ஒரு வரியில் முடிந்தது. கட்டம் போட்டிருந்தால் 32 அறைகள்.

8. ஆ_ யார் என்று கண்டுபிடிக்க: சோதனைக் கலப்பு

உருண்டை விதைச் செடி ஒன்று ஆஆவா, ஆஅவா என்று தெரிய வேண்டுமானால் அதை அஅ செடியோடு கலக்க வேண்டும். காரணம், அஅ செடி கொடுப்பதெல்லாம் அ மட்டுமே. அதனால் மறுபக்கத்துச் செடி எதைக் கொடுத்ததோ அது பிள்ளையின் தோற்றத்தில் மறைவில்லாமல் தெரியும். ஆஆ செடியோடு கலந்தால் எல்லாமே உருண்டையாக வந்து ஒன்றும் சொல்லாது.

ஒரு சுருக்க விதை வந்தாலும் போதும், சோதித்த செடி ஆஅ. ஆனால் வந்தவை எல்லாம் உருண்டை என்பதால் மட்டும் ஆஆ என்று முடிவு கட்ட முடியாது. எத்தனை விதைகளைப் பார்த்தீர்கள் என்பது முக்கியம். ஆஅ செடியிலிருந்து தொடர்ந்து 7 உருண்டை விதைகள் வர 1/128 வாய்ப்பு உண்டு. மூன்றே மூன்று விதைகள் என்றால் 1/8, அதை நம்பி முடிவெடுக்க முடியாது.

9. ஓங்கு, ஒடுங்கு என்று பிரியாதவை

இங்கே முதல் நான்கு படிகள் அப்படியே இருக்கும். கட்டத்தைத் தோற்றமாக மொழிபெயர்க்கும் இடம் மட்டும் மாறும்.

அந்தி மந்தாரையில் சிவப்புப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலந்தால் இளஞ்சிவப்பு வரும். அடுத்த தலைமுறையில் 1:2:1 என்று சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை மூன்றும் கிடைக்கும். வெள்ளை மறுபடி முழு வெள்ளையாகத் திரும்புவதைக் கவனியுங்கள். பூவில் நிறம் கலந்தது போலத் தெரிந்தாலும் அல்லீல்கள் கலக்கவில்லை.

இரத்த வகையில் அல்லீல்கள் மூன்று: ஏ, பி, ஓ. ஆனால் ஒருவரிடம் இருப்பவை இரண்டுதான். ஏயும் பியும் சேர்ந்தால் இரண்டுமே வெளிப்படும். ஓ இரண்டுக்கும் ஒடுங்கு. ஏ வகைத் தந்தைக்கும் பி வகைத் தாய்க்கும் ஓ வகைக் குழந்தை பிறக்குமா? பிறக்கும், தந்தை ஏஓ, தாய் பிஓ ஆக இருந்தால். அப்போது ஏபி, ஏ, பி, ஓ நான்கும் சமமாக 1/4. ஏபி பெற்றோருக்கும் ஓ பெற்றோருக்கும் பிறப்பவர்கள் ஏ அல்லது பி. பெற்றோர் இருவரில் யாருடைய வகையும் அவர்களுக்கு இருக்காது. பலரும் இதைக் கேட்டுத் திகைப்பார்கள்.

பம்பாய் இரத்த வகை (ஏ, பி அல்லீல் இருந்தாலும் சோதனையில் ஓ போலத் தெரிவது) போன்ற அரிய விதிவிலக்குகளும் உண்டு. ஆகவே இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடலாம். ஒரு குடும்பத்தில் யார் யாருக்குப் பிள்ளை என்று தீர்ப்புச் சொல்லப் பயன்படுத்தக் கூடாது.

10. பால் குரோமோசோமில் இருக்கும் மரபணுக்கள்

சிவப்பு-பச்சை நிறக்குருட்டுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. அதனால் அல்லீலைத் தனியாக எழுதாமல் குரோமோசோமோடு சேர்த்து எழுதுங்கள்: எக்ஸ்ஆ, எக்ஸ்அ, ஒய். ஒய்க்குப் பக்கத்தில் எந்த எழுத்தும் வராது, அங்கே அந்த மரபணு இல்லை. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய், ஆகவே ஒரே பிரதி. அது அ என்றால் மறைக்க இன்னொன்று கிடையாது. ஆண்களிடம் இது கூடுதலாக இருப்பதற்குக் காரணம் அவ்வளவுதான்.

தாய் எக்ஸ்ஆ எக்ஸ்அ, தந்தை எக்ஸ்ஆ ஒய் என்று வைத்துக்கொள்வோம். மகள்கள் யாருக்கும் நிறக்குருடு இல்லை, அவர்களில் பாதிப் பேர் அல்லீலைச் சுமப்பார்கள். மகன்களில் பாதிப் பேருக்கு நிறக்குருடு. "பிள்ளைக்கு வரும் வாய்ப்பு" என்று கேட்டால் 1/4, "மகனுக்கு" என்று கேட்டால் 1/2. கேள்வியின் இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

தந்தையின் எக்ஸ் எல்லா மகள்களுக்கும் போகும், எந்த மகனுக்கும் போகாது. தந்தைக்கும் மகனுக்கும் நிறக்குருடு இருந்தால், மகனுக்கு அது தாயிடமிருந்து வந்திருக்கிறது. பறவைகளில் இது தலைகீழ்: இரண்டு வேறு பால் குரோமோசோம்கள் இருப்பது பெண்ணிடம்.

11. குடும்ப வரைபடத்தை வாசிப்பது

சதுரம் ஆண், வட்டம் பெண், நிறம் தீட்டியது பண்பு உள்ளவர். முதலில் பண்பு இல்லாத பெற்றோருக்குப் பண்புள்ள பிள்ளை எங்கேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஒடுங்கு. பண்புள்ள இரு பெற்றோருக்குப் பண்பில்லாத பிள்ளை இருந்தால் ஓங்கு. இது தெரிந்த பிறகே எக்ஸ் பற்றிய கேள்விக்குப் போக வேண்டும், ஏனென்றால் ஓங்குக்கும் ஒடுங்குக்கும் சோதனை வேறு.

ஒடுங்கு என்று தெரிந்தால், பண்புள்ள ஒரு மகளைத் தேடி அவளுடைய தந்தையைப் பாருங்கள். தந்தைக்குப் பண்பு இல்லையென்றால் அது எக்ஸில் இல்லை. பண்புள்ள தாய்க்குப் பண்பில்லாத மகன் இருந்தாலும் அதே முடிவு. "ஆண்கள் அதிகம், ஆகவே எக்ஸ்" என்று ஒரு சின்னக் குடும்பத்தைப் பார்த்துச் சொல்வது ஊகம்; விலக்கி விலக்கிப் போவதுதான் பாதுகாப்பு.

12. எண்ணிக்கை ஒத்துவராதபோது

முதலில் பண்பையே சந்தேகியுங்கள். நாக்கைச் சுருட்டுவது, காது மடல் ஒட்டியிருப்பது ஆகியவற்றை ஒற்றை மரபணுப் பண்புகளாகக் காட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒத்த இரட்டையரிலேயே சில ஜோடிகளில் ஒருவருக்கு நாக்கு சுருளும், மற்றவருக்குச் சுருளாது. பயிற்சிக்கு இவற்றை எடுக்காதீர்கள். மனித உயரமும் தோல் நிறமும் பல மரபணுக்களாலும் சூழலாலும் அமைபவை, இந்தக் கட்டத்துக்குள் அடங்காதவை.

3:1 வர வேண்டிய இடத்தில் 2:1 வந்தால், ஓர் அறைக்குரிய கரு பிறக்கும் முன்பே இறந்துவிடுகிறதா என்று பாருங்கள். மஞ்சள் நிற எலிகளைத் தமக்குள் கலந்தால் இப்படித்தான் வரும். அந்த அல்லீல் இரண்டு பிரதி சேர்ந்த கரு பிழைக்காது. 9:3:3:1க்குப் பதில் 9:3:4 வந்தால், ஒரு மரபணு இன்னொன்றின் விளைவை மறைக்கிறது. லாப்ரடார் நாய்களில் கறுப்பு, பழுப்பு, மஞ்சள் இப்படி வருகின்றன: முடியில் கருநிறமி படிய விடாத ஆக்கம் இருந்தால், கறுப்பா பழுப்பா என்பது முடியில் தெரியாமல் போய்விடுகிறது.

மீதமிருப்பது பிணைப்பு. ஆஅ ஈஇ செடியை அஅ இஇ செடியோடு கலந்தால் நான்கு வகையும் சமமாக வர வேண்டும். இரண்டு வகை மிக அதிகமாகவும் இரண்டு வகை சொற்பமாகவும் வந்தால், அந்த இரு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கின்றன. சொற்பமாக வந்தவை, குன்றல் பகுப்பில் ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் பிறந்த புதுச் சேர்க்கைகள். மொத்தம் 100 பிள்ளைகளில் அவை 12 என்றால் மரபணுக்களுக்கு இடையே தூரம் 12 அலகு. இந்தச் சதவீதம் 50ஐத் தாண்டாது. 50ஐத் தொட்டுவிட்டால், ஒரே குரோமோசோமின் இரு கோடியில் இருக்கும் மரபணுக்களா, வேறு வேறு குரோமோசோம்களில் இருப்பவையா என்று இந்த ஒரு கலப்பை வைத்துச் சொல்ல முடியாது. இடையில் இருக்கும் மூன்றாவது மரபணு ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டோடும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.